செடி வளர்க்கிற மீன் தொட்டிக்கு அடிமண் தெரிவு செய்யிறது: மட்டக்களப்பு, அம்பாறை ஆக்களுக்கு முழு வழிகாட்டி

தொட்டி வாங்கியாச்சு, லைட் வாங்கியாச்சு, செடியும் சொல்லி வச்சாச்சு, மறுகா அடிக்கு என்ன போடுற எண்டு கடைசியா யோசிக்கிற ஆக்கள்தான் கனக்க. நானும் அப்பிடித்தான் தொடங்கினன். வீடு கல்லடியில, கடல் நடக்கிற தூரம், ரெண்டு வாளி மணல் அள்ளிக்கொண்டு வந்து நல்லாக் கழுவிப் போட்டாக் காணும் எண்டு நினைச்சன். அந்தத் தொட்டியில வலிஸ்னேரியா மட்டும் பிழைச்சுது. மத்தச் செடியெல்லாம் ரெண்டு மாசத்துக்குள்ள வெளிறி, புது இலை வரக்க நரம்பு மட்டும் பச்சையாவும் மிச்சம் மஞ்சளாவும் வந்து, கடைசியில ஒவ்வொண்டா கரைஞ்சு போச்சு. லைட் காணாது எண்டு லைட்ட மாத்தினன், உரம் காணாது எண்டு உரம் ஊத்தினன், பாசிதான் வந்துது. பிழை அடியில இருந்திருக்கு, நான் மேல தேடிக்கொண்டு இருந்திருக்கன்.

லைட்ட எந்த நேரமும் மாத்தலாம், ஃபில்டர மாத்தலாம், செடியையும் பிடுங்கி மாத்தி நடலாம். அடிமண்ண மாத்துறதெண்டா மீனப் பிடிச்சு, செடியப் பிடுங்கி, தண்ணிய இறைச்சு முழுத் தொட்டியையும் பிரிக்கணும். அதால ஒரு கிழமை பொறுத்து யோசிச்சுப் போடுறதுதான் நல்லம், அந்த ஒரு கிழமையில என்னென்ன பார்க்கணும் எண்டுதான் இதுல எழுதுறன். இணையத்தில இருக்கிற வழிகாட்டியெல்லாம் குளிர் நாட்டுத் தண்ணிக்கும் அங்க கிடைக்கிற பேக் மண்ணுக்கும் எழுதினது, எங்கட வெயிலுக்கும் எங்கட கிணத்துத் தண்ணிக்கும் அது அப்பிடியே பொருந்தாது.

அடிமண்ணுக்கு என்ன வேலை

செடி ஆடாமப் பிடிச்சுக்கொள்றது ஒண்டு. வேருக்குச் சாப்பாடு வச்சிருக்கிறது இன்னொண்டு. மீன்ட கழிவ உடைச்சு மாத்துற நுண்ணுயிருக்கு வீடா இருக்கிறது மூண்டாவது. சுத்தமான மணல் முதலாவதையும் மூண்டாவதையும் செய்யும், ரெண்டாவது அதால ஏலாது, ஏனெண்டா மணல் எண்டது கூடுதலா குவார்ட்ஸ் எண்ட படிகக் கல், அது சத்தப் பிடிச்சு வைக்காது. களியும் மக்கின மண்ணும்தான் அமோனியம், பொட்டாசியம், இரும்பு போல சத்துகளத் தன்னில ஒட்ட வச்சிருந்து வேர் வந்து கேக்கக்க குடுக்கும்.

வயல் பார்த்த ஆக்களுக்கு இது சொல்லத் தேவையில்ல. தண்ணி நிக்கிற வயல்ல ஒரு நெற்பயிரப் பிடுங்கிப் பாருங்க, வேர் செம்பழுப்பா துரு பிடிச்ச மாதிரி இருக்கும். தண்ணிக்குக் கீழ மண்ணுல காத்து இல்லாததால மண்ணுல உள்ள இரும்பு கரையிற நிலைக்கு வந்திரும், பயிர் இலையில இருந்து வேருக்குக் காத்து அனுப்பும், அந்தக் காத்து பட்ட இடத்தில இரும்பு திரும்பவும் துருவா வேர்ல படியும். உங்கட தொட்டிக்குள்ள நடக்கிறதும் இதே வேலைதான், சின்னதா. வேர் கறுத்து, அழுகின முட்டை மணத்தோட வந்தா அந்த இடத்தில காத்துப் போகேல்ல, ஹைட்ரஜன் சல்பைட் சேர்ந்திருக்கு எண்டு அர்த்தம், வயல்லயும் அப்பிடித்தான் தொட்டியிலயும் அப்பிடித்தான்.

முதல் வேலை: உங்கட தண்ணி என்ன தண்ணி

அடிமண் கடைக்குப் போக முதல் இதப் பாருங்க. எழுவான்கரைப் பக்கம், அதாவது கடலுக்கும் வாவிக்கும் நடுவுல கிடக்கிற நீட்டு மணல் நிலத்தில, கிணறு எல்லாம் மணலுக்குள்ளதான் நிக்குது, அந்த மணலுக்குள்ள சிப்பித் துண்டு இருக்கு, அதால கன கிணத்துத் தண்ணி கடினத் தண்ணி, அதாவது சுண்ணாம்பு கூடின தண்ணி. சில இடத்தில கோடையில உப்புக் கரிக்கும், மாரி மழை விழுந்தாப் பிறகு குறையும். அதே கிணறு தையில ஒரு மாதிரி, ஆவணியில வேற மாதிரி. நகரப் பக்கம் பைப் தண்ணி உன்னிச்சைக் குளத்தில இருந்து சுத்திகரிச்சு வாறது, அம்பாறைக் கரையோரத்துக்குக் கொண்டவட்டுவான் குளத்துத் தண்ணி, ரெண்டும் குளத்துத் தண்ணி எண்டபடியா கரையோரக் கிணத்தவிட மென்மையாத்தான் இருக்கும், ஆனா குளோரின் போட்டிருக்கும். வாளியில வாய் திறந்து ஒரு நாள் வச்சிட்டுப் பாவிங்க, இல்லாட்டி கடையில விக்கிற அன்டி குளோரின் விடுங்க.

டெஸ்ட் கிட் இல்லையெண்டா கேத்தலுக்குள்ள பாருங்க. அடியில வெள்ளைப் பொருக்குக் கட்டியிருந்தா கடினத் தண்ணி. சவுக்காரம் போட்டா நுரை வர மாட்டேனெண்டு நிண்டாலும் அதேதான். ஜிஎச் (மொத்தக் கடினம்), கேஎச் (காபனேட் கடினம்) பார்க்கிற சொட்டு மருந்துக் கிட் ஒண்டு வாங்க ஏலுமெண்டா வாங்குங்க, டிடிஎஸ் பேனா, அதாவது தண்ணியில கரைஞ்சிருக்கிறது மொத்தம் எவ்வளவு எண்டு காட்டுற பேனா, அது மட்டும் வச்சிருக்கிற ஆக்கள் அது உப்பையும் சுண்ணாம்பையும் சேர்த்துத்தான் காட்டும் எண்டத ஞாபகம் வச்சுக்கொள்ளுங்க.

இத ஏன் முதல்ல சொல்றன் எண்டா, விலை கூடின ஜப்பான் அக்வா சொயில் (செடித் தொட்டிக்கெண்டே பேக்கில விக்கிற மணி மண்) வாங்கிப் போட்டிட்டு கடினக் கிணத்துத் தண்ணியில தண்ணி மாத்திக்கொண்டே இருந்தா, அந்த மண்ணுக்குத் தண்ணிய மென்மையாக்கிற சக்தி கொஞ்ச மாசத்திலேயே தீர்ந்து போகும். காசு தண்ணியில கரையிறது எண்டா அதுதான். அந்தத் தண்ணிக்கு வேற வழி இருக்கு, கீழ சொல்றன்.

ரெண்டாவது: என்ன செடி வைக்கப் போறீங்க

ஜாவா ஃபேர்ன், அனூபியாஸ், பாசி வகை இதெல்லாம் கல்லுலயும் கட்டையிலயும் நூலால கட்டி விடுற செடி, கிழங்கு மாதிரி இருக்கிற தண்டப் புதைச்சா அழுகும். இது மட்டும்தான் வைக்கிறீங்க எண்டா அடிமண்ணப் பத்தி மண்டைய உடைக்கவே தேவையில்ல, கழுவின ஆத்து மணல் ரெண்டு செ.மீ. போட்டாக் காணும். ஹோர்ன்வேர்ட், ஹைட்ரில்லா போல தண்டுச் செடி சாப்பாட்டக் கூடுதலா தண்ணியில இருந்துதான் எடுக்கும்.

வேரால சாப்பிடுற செடிதான் அடிமண்ணக் கேக்கும். அமேசன் ஸ்வோர்ட், வலிஸ்னேரியா, தாமரை, ஒல்லி வகை, கொட்டி எல்லாம் அந்தக் கூட்டம். கொட்டிக்கிழங்கு தின்ற ஊர் எங்கட ஊர், அது குளத்துச் சேத்துக்குள்ள எவ்வளவு ஆழத்தில கிடக்கும் எண்டு கிண்டின ஆக்களுக்குத் தெரியும், அதக் கொண்டு வந்து வெறும் மணல்ல வச்சா கிழங்குல உள்ள சத்து முடியும் வரைக்கும் இலை விட்டிட்டு நிண்டிரும்.

கிரிப்டோகோரைன் பத்தி தனியாச் சொல்லணும். உலகம் முழுக்க மீன் தொட்டி வச்சிருக்கிற ஆக்கள் வளர்க்கிற வென்ட்டி, பெக்கெட்டி, பார்வா எல்லாம் இலங்கைக்கே உரிய செடி, வேற நாட்டு ஆத்தில இயற்கையா இல்லாதது. அதுல நெவிலி எண்டு ஒண்டு எங்கட கிழக்குப் பக்கத்துச் செடி, மழைக்குத் தண்ணி நிண்டு கோடைக்குக் காயிற நிலத்தில வளர்றது. எனக்கு இதுல சரியான பெருமை. அதுக்காகக் காட்டுலயும் ஓடைக் கரையிலயும் போய்ப் பிடுங்காதீங்க, பண்ணையில வளர்த்தது கடையில கிடைக்குது. கிரிப்டோ நட்டு முதல் ரெண்டு கிழமைக்குள்ள இலையெல்லாம் கூழாக் கரையலாம், பயந்து பிடுங்கி எறியாதீங்க, வேர் உசிரோட இருக்கும், மண் நல்லதெண்டா மூண்டு நாலு கிழமையில புது இலை வரும்.

மொண்டே கார்லோ மாதிரி புல்லுத் தரை விரிக்கிற செடிக்கு பொடி மணி மண் வேணும், ஒண்டில இருந்து மூண்டு மி.மீ. அதுக்கு மேல பருத்த கல்லெண்டா வேர் பிடிக்காம மிதந்து வரும்.

மூண்டாவது: எங்கட பக்கம் கிடைக்கிற சாமான் ஒவ்வொண்டும்

கடல் மணல் வேணாம். இத நான் பட்டதால சொல்றன். உப்பக் கழுவலாம், சிப்பித் தூளக் கழுவ ஏலாது, அது கல்சியம் காபனேட், கொஞ்சம் கொஞ்சமாக் கரைஞ்சு கடினத்தையும் பிஎச்சையும் கூட்டிக்கொண்டே இருக்கும், பிஎச் கூடினா இரும்பு செடிக்கு எடுபடாது, என்ட முதல் தொட்டியில புது இலை மஞ்சளானதுக்குக் காரணம் அதுதான். பாசிக்குடாப் பக்கத்து மணல் இன்னும் மோசம், அதுல முருகைக்கல் துகள் கிடக்கும். வலிஸ்னேரியா ஏன் தப்பினது எண்டா அதுக்குக் கடினத் தண்ணியில இருக்கிற பைகாபனேட்டையே காபன் சாப்பாடா எடுக்கத் தெரியும். கப்பி, மொலி மட்டும் வளர்க்கிற, செடி இல்லாத தொட்டிக்கு அந்த மணல் பரவாயில்ல. செடித் தொட்டிக்கு வேணாம்.

ஆத்து மணல், இதுதான் எங்கட பக்கத்துக்குக் கடவுள் குடுத்த சாமான் எண்டு சொல்லுவன். கிழக்கில அடியில கிடக்கிற பாறை கூடுதலா நைஸ் (gneiss) எண்ட பாறை வகை, அது உடைஞ்சு வாற மணல்ல இருக்கிறது குவார்ட்ஸும் பெல்ஸ்பார் எண்ட கனிமமும், சுண்ணாம்பு இல்ல. முந்தெனியாறு, மாதுறு ஓயா, கல்லோயா எந்தப் பக்கத்து மணலெண்டாலும் கடல்வாய்க்குக் கிட்டப் போகாம மேல எடுத்ததெண்டா தண்ணியில ஒண்டையும் மாத்தாது. நீங்களே ஆத்துக்குப் போய் லோட் ஏத்தாதீங்க, மணல் அள்ளவும் ஏத்தவும் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின்ட அனுமதி வேணும். உங்களுக்குத் தேவை ஒரு உரப்பை, வீடு கட்டுற இடத்தில கேட்டாத் தருவாங்க, ஹார்ட்வெயார்லயும் வாங்கலாம். வாங்கக்க ஒண்டு கேளுங்க, கடல் மணல் கலந்ததா எண்டு. கையில எடுத்துப் பார்த்தா வெள்ளைச் சிப்பித் துண்டு தெரிஞ்சா விட்டிடுங்க.

சல்லிக் கல்லு, கொங்கிறீட்டுக்குப் போடுற உடைச்ச கருங்கல், தண்ணிக்குக் கெடுதல் இல்ல, ஆனா விளிம்பு கூர். கோரிடோரஸ் மாதிரி அடியில தேடித் தின்ற மீன்ட மீசை தேய்ஞ்சு புண்ணாகும். மலைச்சாய்ப்பா உயர்த்துறதுக்குப் பின் மூலையில அடிக்கு மட்டும் பாவிக்கலாம். கல்லுடைக்கிற இடத்துத் தூள் வேணாம், மாதக் கணக்கா கலங்கலா நிக்கும். கலர் பூசின கல்லு, அதப் பத்திக் கதைக்கவே தேவையில்ல, பூச்சு உரியும்.

கிரவல், ரோட்டுக்குக் கொட்டுற அந்தச் சிவத்த மண், இதப் பத்திக் கொஞ்சம் நிண்டு சொல்லணும். சிவப்புக்குக் காரணம் இரும்பு. லட்டரைட் எண்டு வெளிநாட்டுல ஒரு காலம் பெட்டியில அடைச்சுச் செடித் தொட்டிக்கு வித்ததும் இந்த இனத்து மண்தான். ரெண்டு பிடி அரிச்செடுத்துக் கழுவி அடித்தட்டுல தூவினா ஸ்வோர்ட், கிரிப்டோ எல்லாம் வெளிறாம நிக்கும். கனக்கப் போட்டா தண்ணி காவி நிறத்தில கலங்கும், ரெண்டு அடித் தொட்டிக்கு அரைக் கிலோவுக்கு மேல நான் போட மாட்டன். ரோட்டுல கிடக்கிறத எடுக்காதீங்க, எண்ணெய் பட்டிருக்கும்.

படுவான்கரை மண், அதாவது வாவிக்கு மேற்குப் பக்கத்து வயல் நிலத்து மண். இருவாட்டி மண், களி கலந்தது, இதுதான் என்ட இப்பத்தத் தொட்டியின்ட அடி. ஆனா வயலுக்குள்ள இருந்து எடுக்காதீங்க, யூரியாவும் களைநாசினியும் எவ்வளவு போகுது எண்டு எல்லாருக்கும் தெரியும். மருந்து அடிக்காத வீட்டு வளவுல, மேல கிடக்கிற குப்பை மண்ண ஒரு சாண் விலக்கிப்போட்டு அதுக்குக் கீழ எடுங்க. ஒரு பழைய பூஞ்செடிச் சாடி மண் கிடக்கு, அதப் போடலாமா எண்டு தம்பி ஒருத்தன் கேட்டான். மாட்டெரு கலந்ததெண்டா வேணாம், தும்புத்தூள் கலந்ததெண்டாலும் வேணாம். எரு தண்ணிக்குக் கீழ அழுகி அமோனியா அள்ளிக் கொட்டும், எங்கட 30 பாகை வெப்பத்தில அந்த அழுகல் குளிர் நாட்டவிட வலு கெதியா நடக்கும். தும்புத்தூள் மிதந்து வந்து ஃபில்டர அடைக்கும்.

அக்வா சொயில், அதாவது சுட்டு மணியா உருட்டின கறுத்த மண், நல்ல சாமான்தான், பொய் சொல்லேல்ல. பிஎச்சை ஆறரைக்குக் கிட்ட இழுக்கும், சத்து இருக்கு, வேர் லேசா ஓடும். யாருக்கு எண்டா மென்மையான தண்ணி இருக்கிற ஆக்களுக்கு, புல்லுத் தரையும் சிவப்புச் செடியும் சிஓ2 சிலிண்டரும் வைக்கிற ஆக்களுக்கு, கிறிஸ்டல் இறால் வளர்க்கிற ஆக்களுக்கு. ரெண்டு வருசமளவுல மணி உடைஞ்சு சேறாகத் தொடங்கும் எண்டதையும் கணக்கில எடுங்க.

என்ட தீர்ப்பு இதுதான். எழுவான்கரைக் கிணத்துத் தண்ணிக்காரர் ஆத்து மணலும், வேருக்குக் கீழ உர வில்லையும், கடினத் தண்ணி தாங்குற செடியும் எடுங்க. வென்ட்டி, வலிஸ்னேரியா, சஜிட்டேரியா, ஸ்வோர்ட் இதுகளே ஒரு தொட்டிய நிறைக்கக் காணும். குளத்துப் பைப் தண்ணியோ மாரியில சேர்த்த மழைத் தண்ணியோ இருக்கிற ஆக்கள் கீழ படுவான்கரை மண், மேல ஆத்து மணல் எண்டு ரெண்டு தட்டாப் போடுங்க, செலவும் குறைவு, வளர்ச்சிக்குக் குறையில்ல.

வாங்கினதச் சோதிக்கிறது

ஒரு கரண்டி காய்ஞ்ச மணல வெள்ளைக் கோப்பையில போட்டு வினாகிரி ஊத்துங்க. காதுக்குக் கிட்ட வச்சுக் கேளுங்க, சீறுதா எண்டு. குமிழ் வந்தா சுண்ணாம்பு இருக்கு. வினாகிரி மெல்லிய அமிலம், கொஞ்சமா இருக்கிறதக் காட்டாமலும் விடும், அதால ரெண்டாவது சோதனையும் செய்ங்க. கண்ணாடிப் போத்தல் ரெண்டு எடுத்து ரெண்டுக்கும் ஒரே மழைத் தண்ணி, ஒண்டுக்குள்ள அரைவாசிக்கு மணல், மற்றது வெறும் தண்ணி. மூடி ஒரு கிழமை வச்சிட்டு ரெண்டையும் அளந்து பாருங்க. மணல் போட்டதில கடினமோ டிடிஎஸ்ஸோ நல்லாக் கூடியிருந்தா அந்த மணல் உங்களுக்கு வேணாம்.

மண்ணுக்கு வேற சோதனை. போத்தல்ல மூண்டில ஒரு பங்கு மண், மிச்சம் தண்ணி, குலுக்கிட்டு ஒரு நாள் வைங்க. மணல் உடன அடியில படியும், அதுக்கு மேல வண்டல், கடைசியாக் களி, மேல மிதக்கிறது குப்பை. மிதக்கிறது ஒரு விரலளவு தடிப்பா நிண்டா அது அழுகிற மண். களி கொஞ்சம்தான் இருக்கெண்டா சட்டி பானை செய்யிற களி வாங்கி நாலு கோப்பை மண்ணுக்கு ஒரு கோப்பை சேர்க்கலாம்.

எவ்வளவு வேணும்

தொட்டியின்ட நீளத்தையும் அகலத்தையும் போட நினைக்கிற ஆழத்தையும் செ.மீ.ல பெருக்கி ஆயிரத்தால பிரிச்சா லீட்டர் வரும். ரெண்டு அடித் தொட்டி 60 க்கு 30, ஆழம் சராசரி 6 எண்டா 10.8 லீட்டர். காய்ஞ்ச மணல் ஒரு லீட்டர் ஒண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல நிறுக்கும், அப்ப 17 கிலோ. அரிக்கிறதில கழிவு கனக்கப் போகும், 30 கிலோ எடுங்க. ரெண்டு தட்டெண்டா மண் 2.5 செ.மீ.க்கு நாலரை லீட்டர், மேல மணல் 3.5 செ.மீ.க்கு 6.3 லீட்டர், அதாவது 10 கிலோ. அக்வா சொயில் 9 லீட்டர் பேக்கெண்டா இந்தத் தொட்டிக்கு ஒரு பேக் சொட்டுக் குறையும், பின்பக்கம் உயர்த்தாம ஐந்து செ.மீ.ல சமனாப் போட்டா சரிவரும்.

தண்ணி, மணல், கண்ணாடி எல்லாம் சேர இந்தத் தொட்டி 80 கிலோவுக்குக் கிட்ட வரும். பிளாஸ்டிக் மேசையில வச்சிராதீங்க.

தயார்படுத்துறது

மணலுக்கு ரெண்டு அரிதட்டு வேணும். மேசன்மார் பூச்சுக்கு அரிக்கிற அரிதட்டுல முதல்ல அரிச்சுப் பருத்த கல்ல எடுத்திடுங்க. மறுகா யன்னலுக்கு அடிக்கிற நுளம்பு வலையில அரிங்க, விழுற பொடிய விட்டிட்டு மேல நிக்கிறத எடுங்க. அதுதான் உங்களுக்கு வேணுமான பருமன், ஒண்டில இருந்து மூண்டு மி.மீ. பொடி மணல் இறுகிப்போய்க் காத்து விடாது, பருத்த கல்லுக்கு நடுவால கழிவு இறங்கி அழுகும். அரிச்சதக் கொஞ்சம் கொஞ்சமா வாளியில போட்டு, தண்ணிய விட்டு, கைய விட்டுக் கிண்டி, கலங்கல ஊத்துங்க. எட்டுப் பத்துத் தரம் கழுவணும். சவுக்காரம், புளீச்சிங் ஒண்டும் போடாதீங்க. கடைசித் தண்ணிய நாக்கில வச்சுப் பார்த்து உப்பு இல்லையெண்டதையும் உறுதிப்படுத்துங்க.

மண்ணுக்கு வேலை கூட. கல்லு, வேர், இலை எல்லாம் பொறுக்கி அரிச்சு, வாளியில ஊற வச்சு, மிதக்கிறத ஊத்தி, மூண்டு நாளால தண்ணிய வடிச்சு, தறப்பாள்ல பரத்திக் காய வைங்க. காய்ஞ்சதும் திரும்ப ஊற வைங்க. இப்பிடி மூண்டு நாலு தரம். ஒவ்வொரு தரமும் மண்ணுல மிச்சமிருக்கிற குப்பை நுண்ணுயிரால உடைஞ்சு முடியும், அமோனியா தொட்டிக்குள்ள வாறத விட வாளிக்குள்ள வந்து போகட்டும். சித்திரை, வைகாசி வெயிலெண்டா ஒரு நாளில காயும், கார்த்திகையில தொடங்கினா மாதம் முழுக்க இழுபடும், அதால இந்த வேலையக் கோடையிலயே முடிங்க.

ஊற வைக்கிற வாளிய மூடாம விடாதீங்க. டெங்கு நுளம்புக்கு ஒரு சொட்டுத் தண்ணி காணும், முட்டையில இருந்து பறக்கிற வரைக்கும் ஒரு கிழமை பத்து நாள்தான். மூண்டு நாளில ஊத்தச் சொல்றது அதுக்காகவும்தான், வாளி வாயை வலைத்துணியால கட்டுங்க. எங்கட பக்கம் மாரி முடியிற நேரம் எத்தனை வீட்டுல காய்ச்சல் எண்டு பார்த்த ஆக்கள் இத லேசா எடுக்க மாட்டீங்க.

அக்வா சொயில் எண்டாக் கழுவவே கூடாது, பேக்க வெட்டி நேராக் கொட்டுறது.

போடுறது

தொட்டிய வைக்கிற இடத்தில வச்சுச் சமன் பார்த்தாப் பிறகுதான் மண் போடுங்க. கல்லு, கட்டை பாரமானதெண்டா அத முதல்ல கண்ணாடியில வச்சு, மறுகா சுத்தி மண் போடுங்க, மண்ணுக்கு மேல வச்சா மீன் கிண்டக்கச் சரிஞ்சு கண்ணாடிய உடைக்கும்.

ரெண்டு தட்டெண்டா முதல்ல கிரவல் தூவல், அதுக்கு மேல ஈரமண் ரெண்டரை செ.மீ., அதுக்கு மேல தடிப்பு வேணாம். கண்ணாடி ஓரமா நாலு விரல் இடம் விட்டு மண்ணப் போட்டு, அந்த ஓரத்த மணலால நிரப்புங்க, வெளியில இருந்து பார்க்க முழுக்க மணலாத் தெரியும், ஓரத்தில வெளிச்சம் பட்டு மண்ணுல பாசி பிடிக்கிறதும் இல்ல. மறுகா மேல மணல், முன்பக்கம் மூண்டு செ.மீ., பின்பக்கம் நாலு. வெறும் மணல் தொட்டியெண்டா முன்னுக்கு நாலு, பின்னுக்கு எட்டு. பின்பக்கம் உயரமா இருந்தாத்தான் தொட்டி ஆழமாத் தெரியும், பெரிய வேர்ச் செடிக்கும் அங்கதான் இடம்.

முதல்ல மணல் நனையிற அளவுக்கு மட்டும் தண்ணி விட்டு, செடிய நட்டுப்போட்டு, மேல ஒரு பீங்கான் கோப்பையோ பொலித்தீன் துண்டோ வச்சு அதுக்கு மேல மெதுவா ஊத்துங்க. இந்த இடத்தில அவசரப்பட்டா நாலு நாள் செய்த வேலை அஞ்சு நிமிசத்தில கலங்கிப் போகும். நேரா பைப்ப விட்டு ஊத்தினத ஒரு வீட்டுல பார்த்தன், கீழ மண் மேலயும் மேல மணல் கீழயும் போய் முழுக்கத் திரும்ப இறக்க வேண்டி வந்துது.

உர வில்லை பாவிக்கிற ஆக்கள் ஒவ்வொரு ஸ்வோர்ட்டுக்கும் அடியில ஒண்டு, கிரிப்டோக் கூட்டத்துக்கு ஒரு சாணுக்கு ஒண்டு எண்டு ஆழமாக் குத்தி விடுங்க. வயலுக்குப் போடுற யூரியா, என்பிகே ஒண்டையும் கொண்டு வந்து புதைக்காதீங்க, மேல கசிஞ்சா ஒரே இரவில மீனெல்லாம் போயிடும்.

முதல் ஆறு கிழமை

மீன் விடாதீங்க. கெஞ்சிக் கேக்கிறன். புது மண், அதுலயும் அக்வா சொயிலும் படுவான்கரை மண்ணும், முதல் கிழமைகள்ல அமோனியா விடும். கடினத் தண்ணிக்காரருக்கு இதுல ஆபத்துக் கூட, ஏனெண்டா 30 பாகையில பிஎச் ஏழா இருக்கிற தண்ணியவிட எட்டா இருக்கிற தண்ணியில அமோனியாவின்ட நஞ்சுப் பங்கு பத்து மடங்குக்குக் கிட்ட. முதல் கிழமை ஒரு நாள் விட்டு ஒரு நாள் அரைவாசித் தண்ணி மாத்துங்க, ரெண்டாம் மூண்டாம் கிழமை ரெண்டு தரம், மறுகா கிழமைக்கு ஒருக்கா. அமோனியாவும், அது மாறி வாற நைட்ரைட் எண்ட நஞ்சும் ரெண்டும் பூச்சியமா ஒரு கிழமை நிண்டாத்தான் முதல் மீன். லைட் ஆறு மணித்தியாலம் காணும். ஹோர்ன்வேர்ட் மாதிரி கெதியா வளர்ற செடி கனக்கப் போட்டு வைங்க, அது அமோனியாவைத் தின்னும், பிறகு எடுத்திடலாம்.

மணலுக்குள்ள இருந்து குமிழ் வாறது பயப்படுற விசயமில்ல, மணம் இல்லாத குமிழெண்டா அது கெடுதல் இல்லாத வாயு. அழுகின முட்டை மணம் வந்தா அந்த இடத்தில விளக்குமாத்து ஈர்க்கு ஒண்டால மெதுவாக் குத்தி விடுங்க, ஒரே நாளில எல்லா இடத்தையும் குத்தாம, நாளைக்கு நாலஞ்சு இடம். குளத்துலயும் வாய்க்கால்லயும் கிடக்கிற அந்த நீட்டுக் கூம்புச் சுருள் நத்தை, பகல்ல மணலுக்குள்ள புதைஞ்சு கிண்டிக்கொண்டு திரியும், அது நாலஞ்சு விட்டா உங்களுக்கு அந்த வேலை மிச்சம். விட முதல் ரெண்டு கிழமை வேற வாளியில வச்சுப் பாருங்க, அட்டை, வேற பூச்சி வரக்கூடாது.

எங்கட வெக்கையில தண்ணி பிடிச்சு வைக்கிற ஒட்சிசன் குறைவு, 30 பாகையில லீட்டருக்கு ஏழரை மி.கி. அளவுதான், அதுல ஒரு பங்கை மண்ணும் தின்னும். இரவில கரண்ட் போனா மண் தொட்டியில மீன் விடியக்க மேல வந்து வாயத் திறந்துகொண்டு நிக்கும். பட்டரியில ஓடுற ஒரு சின்ன ஏர் பம்ப் வாங்கி வச்சுக்கொள்ளுங்க.

பிறகு

செடி நட்ட இடத்தில சைஃபன் (ஊத்தை இழுக்கிற குழாய்) விட்டு ஆழக் கிண்டாதீங்க, மேல கிடக்கிற ஊத்தைய மட்டும் இழுங்க, அந்த ஊத்தையே பாதி வேருக்குச் சாப்பாடு. ஸ்வோர்ட் பெரிசா வளர்ந்ததப் பிடுங்க வேண்டி வந்தா இழுக்காம, அடியில கத்தரிக்கோல் விட்டு வேர வெட்டி எடுங்க, இழுத்தா மண் தட்டு முழுக்க மேல வந்திரும். மணல் தொட்டிக்கு ரெண்டு மூண்டு மாசத்துக்கு ஒருக்கா வில்லை. பழைய இலையில ஓட்டை விழுந்து, ஓரம் மஞ்சளானா அந்தச் செடிக்கு அடியில சத்து முடிஞ்சுது, புது இலை வெளிறி வந்தா இரும்பு காணாது, அந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கப் பழகுங்க.

ஆத்து மணலுக்குக் காலாவதி இல்ல. மண் தட்டு ரெண்டு மூண்டு வருசம் தன்ட சத்தில ஓடும், அதுக்குப் பிறகு களியில சுண்டங்காய் அளவு உருண்டை பிடிச்சு, நடுவுல கிரவல் பொடி வச்சு, நிழல்ல காய வச்சு, வேருக்குக் கீழ ஒண்டொண்டாத் தள்ளி விடுங்க. நான் வருசத்தில ரெண்டு தரம், சித்திரையிலயும் புரட்டாதியிலயும், இருபது உருண்டை பிடிச்சு யன்னல் கட்டுல காய வைக்கிறன்.